சிப்பி ஏலம், சித்திர ஏலம்

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் தூத்துக்குடியில் மாலை நேரம் என்றால் ஏல நேரம். நள்ளிரவில் கரைக்காற்றோடு புறப்பட்ட தோணிகள் விடியும்போது சிப்பி விளையும் பார் மேல் நங்கூரமிட்டு நிற்கும். உச்சி வரை குளித்துவிட்டு, பிற்பகல் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பும். இறக்கிய சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒன்று குளியாளிகளுக்கு, இரண்டு சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு அன்று மாலையே ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கேட்க வேண்டும். மூடிய சிப்பிக்குள் ஆணிமுத்து இருக்கிறதா, வெறும் சதைதான் இருக்கிறதா என்பது கேட்பவருக்கும் தெரியாது, ஏலம் விடுபவருக்கும் தெரியாது. கீழக்கரை, காயல்பட்டினம் மரைக்காயர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் பம்பாய் வியாபாரிகளும் அந்தத் தெரியாமைக்குத்தான் விலை கேட்டார்கள்.

அந்த ஏலம் 1961 சலாபத்தோடு நின்றுபோனது. திரேஸ்புரத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் மீன் ஏலம் மட்டும் அதே சூட்டோடு நடக்கிறது. ஆனால் இந்தக் கரையோடு தொடர்புள்ள இன்னொரு ஏலம் லண்டனிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் நடந்துவருகிறது. அங்கே விலைபோவது கடலில் எடுத்தது அல்ல. இந்தக் கடலையும் கரையையும் மனிதர்களையும் பார்த்து வரைந்த தாள்கள் விலைபோகின்றன. நீர்வண்ண ஓவியங்கள், பென்சில் கோட்டோவியங்கள், ஒரு படை அதிகாரியின் பயண நோட்டில் இருந்து கிழித்தெடுத்த பக்கங்கள். அங்கே ஏலம் கேட்பவர்களில் நம் பக்கத்தார் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இது எனக்கு உறுத்துகிறது. ஏன் என்று சொல்வதற்கு அந்தத் தாள்கள் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்தார்கள். அந்தப் படையெடுப்போடு வந்த பாதிரியார் பிலிப்புஸ் பால்டேயுஸ் 1672-இல் மலபார், சோழமண்டலக் கரைகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1660-களில் இந்தப் பக்கம் வந்த யோஹான் நியூஹோஃப் எழுதிய பயண நூல், அவர் மடகாஸ்கரில் காணாமல் போய்ப் பத்தாண்டு கழித்து, 1682-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. தூத்துக்குடியின் பழைய படம் என்று இன்று இணையத்திலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இத்தகைய நூல்களின் செப்புத்தகட்டு அச்சுகளைத்தான். புத்தகத்தைப் பிரித்து, படப் பக்கங்களைத் தனித்தனியாக விற்று, பின்னாளில் யாரோ வண்ணமும் தீட்டியிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது மூலம் அல்ல.

இந்த வேறுபாடு ஏலக்காரர்களுக்கு மட்டும் உரிய கவலை என்று நினைத்துவிடக் கூடாது. நியூஹோஃபின் சீனப் பயணக் கையெழுத்துப் படி, அவர் கையாலேயே வரைந்த படங்களோடு, 1980-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அச்சுப் படங்களோடு ஒப்பிட்டபோது, ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருந்த செதுக்குநர்கள் மரங்களையும் மனிதர்களையும் தாராளமாகச் சேர்த்திருந்தது தெரிந்தது. சீனத்துக்கு அப்படிச் செய்தவர்கள் நம் கரைக்கு வேறு விதமாகவா செய்திருப்பார்கள்? அச்சில் இருக்கும் தூத்துக்குடி, பாதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்த தூத்துக்குடி. கடற்கரையில் நின்று, கையில் தாளோடு, எதிரே இருந்ததைப் பார்த்து ஒருவர் போட்ட கோடுதான் நமக்கு ஆதாரம். அதனால்தான் மூல ஓவியத்துக்கு இத்தனை மதிப்பு.

ஒரு மூலம் கிடைத்தால் எவ்வளவு திறக்கும் என்பதற்குப் பக்கத்துக் கரையிலேயே சான்று உண்டு. எசாயாஸ் பூர்ஸ என்ற ஆம்ஸ்டர்டாம் ஓவியர் டச்சுக் கம்பெனியில் சேர்ந்து 1662-இல் இலங்கையில் இருந்தார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஒரு நோட்டில் வரைந்தார். அந்த நோட்டை 1996-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அவர் வரைவதற்குச் சற்று முன்புதான், 1659 முதல் 1661 வரை, தஞ்சைச் சீமையைப் பெரும் பஞ்சம் அலைக்கழித்தது. பட்டினியில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை டச்சுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு அடிமைகளாக ஏற்றிச் சென்றன. பூர்ஸ வரைந்த தெருவோர மனிதர்களில் அவர்கள் யாராவது உண்டா என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் ஏழை ஒருவரின் உடல்வாகையும் உடையையும் நேரில் பார்த்துப் பதிந்த தாள் வேறு எத்தனை இருக்கிறது? அந்த நோட்டைப் புரட்டும்போது எனக்கு அந்த நினைப்பு விடுவதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் வரைவோர் கூட்டம் பெருகியது. புகைப்படம் வருவதற்கு முன் நில அளவையாளருக்கும் படை அதிகாரிக்கும் ஓவியம் தொழிலின் ஒரு பகுதி. 1809-இல் தொடங்கிய அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மாணவர்களுக்கு வரைதல் பாடமாகவே இருந்தது. ஓவியர் தாமஸ் டானியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்தார்கள். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். களக்காட்டுப் பக்கமிருந்து குமரி மலைகளை வரைந்தார்கள். அவர்களுடைய 144 படத் தொகுப்பில் தூத்துக்குடி இல்லை. அருவியும் மலையும் கோயிலும் இருந்த அளவுக்கு உப்பும் மணலும் பனையும் அந்தக் கால ரசனைக்கு ஏற்ற காட்சியாகத் தோன்றவில்லை போலும். அவர்கள் தங்கள் ஓவியங்களை விற்ற விதமும் சுவையானது. 1793-இல் சென்னையில் 68 எண்ணெய் ஓவியங்களையும் 8 கோட்டோவியங்களையும் லாட்டரிக்கு விட்டார்கள். சீட்டு வாங்கியவருக்கு எந்தப் படம் விழும் என்பது அதிர்ஷ்டம்.

இன்னொரு பக்கம் நம் ஊர் ஓவியர்கள். தஞ்சையிலும் திருச்சியிலும் பரம்பரையாகச் சாமி படம் எழுதிய குடும்பங்கள், மராத்திய அரசவை நொடித்த பிறகு, வெள்ளைக்காரர்களுக்காக ஐரோப்பியத் தாளிலும் மைக்காத் தகட்டிலும் தொழில் வாரியாகத் தம்பதிகளை வரைந்து கட்டுக்கட்டாக விற்றன. குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், மீனவரும் மனைவியும். ஏலப் பட்டியல்களில் இன்று அதிகம் தென்படும் தென்னாட்டு நீர்வண்ண ஓவியங்கள் இவைதாம்.

இந்த வகைத் தாள் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கீழே ஒரு விரல் உயரத்துக்குப் பச்சைத் தரை. மேலே போகப் போக அடர்ந்துவரும் நீலம். நடுவே ஆணும் பெண்ணும் பாதி ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். அவன் தோளில் வலை, அவள் தலையில் மீன்கூடை. முகம் இரண்டும் முந்தைய தாளில் இருந்த குயவர் தம்பதியின் அதே முகம். ஆனால் வலைக்கு வரும்போது ஓவியர் மாறிவிடுகிறார். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக, பொறுமையாக இழுத்த கோடு. கூடையின் பின்னலும் அப்படியே. முகத்தை வாய்ப்பாடாகப் போட்டவர், கருவியைத் தன் கண்ணால் பார்த்துப் போட்டிருக்கிறார். கீழே ஆங்கிலத்தில் சாதிப் பெயர். சிலவற்றில் தமிழிலோ தெலுங்கிலோ ஒரு வரி. வரைந்தவர் பெயர் இல்லை.

முத்துக்குளிப்பை வரைந்த மூலங்கள் இவற்றைவிட மிக அரிது. காரணம் எளிது. சலாபம் ஆண்டுதோறும் நடக்கவில்லை. சிப்பி விளைந்தால்தான் சலாபம்; சிப்பியோ பத்து இருபது ஆண்டுக்குப் பாரைவிட்டே மறைந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடியில் 1822, 1830, 1860 முதல் 1862, 1889, 1890 போன்ற சில ஆண்டுகளில், விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சலாபங்கள். கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரலில் சில வாரங்களே அது நீடிக்கும். அந்த வாரங்களில் தாளும் வண்ணமும் கையுமாக ஒருவர் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆகவே முத்துக்குளிப்பு என்று தலைப்பிட்ட படங்களில் பலவும் கேட்டும் படித்தும் வரைந்தவை.

நேரில் பார்த்து வரைந்ததா, கேட்டு வரைந்ததா என்று பிரித்தறிய நம் கரைக்காரர் ஒருவருக்கு நிபுணர் பட்டம் தேவையில்லை. குளியாளியின் கையைப் பார்த்தால் போதும். அரபுக் குளியாளிகள் மூக்கில் கொம்பாலான கவ்வியை மாட்டிக்கொள்வார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். கால் ஒரு கல்லின் மேல் இருக்கும். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி பொறுக்கும் கூடைக்கு ஒரு கயிறு, இரண்டும் தோணியில் நிற்பவர் கையில். அடி தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். படத்தில் ஒரே கயிறுதான் தெரிகிறது என்றால் வரைந்தவர் அருகில் போய்ப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். கரையில் கடல்கட்டி இருக்கிறாரா என்றும் தேட வேண்டும். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் அவர். கத்தோலிக்கர்களான பரதவர்களும் அவரில்லாமல் இறங்கத் தயங்கினார்கள். சர்க்காரே அவருக்குக் கூலி கொடுத்தது. காட்சி ஊரைப் பற்றியது என்றால் 1713-இல் எழுந்த பனிமய மாதா பெரிய கோயில் அதில் உண்டா என்பது முதல் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்விகளை லண்டன் ஏல அறையில் கேட்க ஆள் இல்லை. அங்கே கேட்கும் கேள்விகள் வேறு. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறி பார்ப்பார்கள். 1794-க்குப் பிறகு ஆங்கிலத் தாள் ஆலைகள், வரிச் சலுகை பெறுவதற்காக, நீர்க்குறியிலேயே ஆண்டைப் பொறிக்கத் தொடங்கின. வாட்மன் ஆலையின் பெயரும் ஓர் ஆண்டும் தாளுக்குள் மங்கலாகத் தெரிந்தால் படம் அந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல என்று உறுதி. பிறகு பின்பக்கம். யார் எழுதியது, எந்தக் குடும்பத்தில் இருந்தது, எப்போது கைமாறியது. கடைசியாக, பட்டியலில் எப்படி எழுதுவது. ஓவியர் பெயர் மட்டும் இருந்தால் அவருடையதே என்று பொருள். அவருடையதாகக் கருதப்படுவது என்றால் ஒரு படி கீழே. அவர் வட்டத்தைச் சேர்ந்தது, அவர் பாணியில் அமைந்தது என்று படிப்படியாக இறங்கும். விலையும் கூடவே இறங்கும்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தூத்துக்குடி முத்து வணிகர்களின் தரப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. ஓட்டையின் அளவு வேறுபட்ட பித்தளைப் பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, மஞ்சாடியால் நிறுத்து, ஆணி முதல் தூள் வரை அவர்கள் வகை பிரித்த நுட்பத்துக்கு இந்த ஏல நிறுவனங்களின் நுட்பம் எந்த விதத்திலும் கூடியதல்ல. மதிப்பிடத் தெரிந்த ஊர் இது. மதிப்பிடும் பொருள்தான் கைக்கு வரவில்லை.

ஏலத்தின் கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டியதே. சுத்தியல் விழுந்த விலையோடு முடியாது. வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்டணமாக ஏறத்தாழ அதில் கால் பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அனுப்பும் செலவும் காப்பீடும் அதற்கு மேல். இந்தியாவுக்குள் கொண்டுவந்துவிட்டால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் பொருந்தும். நூறாண்டு கடந்த ஓவியம் மீண்டும் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. நல்ல சட்டம். ஆனால் அது உள்ளே இருப்பதைக் காக்கும். ஏற்கெனவே வெளியே போனதைக் கொண்டுவராது. சிலைத் திருட்டோடு இதைக் குழப்பவும் கூடாது. இந்தத் தாள்களில் பெரும்பாலானவை வரைந்தவரே கொண்டுபோனவை, அல்லது காசு கொடுத்து வாங்கியவை. திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இல்லை. வாங்கலாம்; படியெடுத்துத் தரக் கேட்கலாம்; பிழையாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். இந்த மூன்றையும் நாம் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

செய்ய வேண்டிய அவசரமும் கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் இந்திய ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்தவை வெறும் நினைவுப் பொருள்களாக, பழைய புத்தகக் கடைகளில் கட்டாகக் கிடந்தன. மில்ட்ரெட் ஆர்ச்சர் போன்ற கலை வரலாற்றாளர்கள் பல்லாண்டு உழைத்துப் பட்டியலிட்ட பிறகுதான் அவற்றுக்கு வரலாறு என்று ஒன்று உண்டானது. 2019-இல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் இந்த ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அதில் வேலூர் எல்லப்பா போன்ற தென்னாட்டுக் கைகளும் பெயரோடு இடம்பெற்றன. 2021 அக்டோபரில் சோதபீஸ் ஏல நிறுவனம் கம்பெனிப் பாணி ஓவியங்களை மட்டுமே வைத்துத் தனி ஏலம் நடத்தியது. பெயர் தெரிந்த ஓவியருக்கு விலை ஏறுகிறது. பெயர் தெரியாதவற்றுக்கும் நாளடைவில் ஏறும். இன்னும் கையெட்டும் விலையில் இருப்பவை, மீனவத் தம்பதித் தாள்களும் பெயரற்ற அதிகாரிகளின் கடற்கரைப் பென்சில் படங்களும்தாம்.

பென்சில் படம் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்குப் பெரிய காரணம். விலாங்குசல்லி நம் தூத்துக்குடித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. காரியாச்சல்லி சுருங்கிக்கொண்டே வருகிறது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையின் வடிவத்தையே மாற்றிவிட்டன. இருநூறு ஆண்டுக்கு முன் கப்பல் தளத்திலிருந்து ஒரு மாலுமி கரையோரத்தைக் கோடாக இழுத்து, தீவுகளை வரிசையாகக் குறித்து வைத்திருந்தால், அது இன்று கடல் ஆய்வாளருக்கும் மீனவருக்கும் ஒருசேர வேண்டிய சான்று. அந்தத் தாளை யாரோ ஒருவர் தம் வரவேற்பறைச் சுவருக்காக வாங்கிப் போய்விட்டால் அடுத்த தலைமுறை வரை அது கண்ணில் படாது.

பெரிய நூலகங்களில் பத்திரமாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் போதாது. பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதுவரை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்த படங்களும் பட்டியல்களும் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. நம் கையில் ஒரு படி இருந்திருந்தால் அந்தக் கவலை இல்லை. நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் உருவாகியிருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் உண்டு. கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் கிடைக்கும் அக்கறையில் ஒரு பங்கு, அண்மை முந்நூறு ஆண்டுக் கடற்கரைக்கும் வேண்டும். துறைமுகம் சம்பாதிக்கும் ஊர் இது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தாள்களை ஏலத்தில் எடுப்பது இந்த ஊருக்குப் பாரமாகாது.

மூலத்தை இழந்த கதை இருநூறு ஆண்டுப் பழையது மட்டும் அல்ல என்பதற்கு இதே மாவட்டத்துக் கோவில்பட்டி சாட்சி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாட்டின் சுவர்களில் எல்லாம் தொங்கின. லட்சக்கணக்கில் அச்சான படத்துக்குக் கையால் வரைந்த மூலம் ஒன்றே ஒன்றுதான். அச்சுத் தகடு எடுத்ததும் அந்த மூலத்தின் வேலை தீர்ந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் காக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். காலண்டர் ஓவியத்தை ஆராய்ச்சியாளர்களும் சேகரிப்பாளர்களும் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த மூலங்களில் மிஞ்சியவை சிவகாசி அச்சக அலமாரிகளிலும் சீடர்களின் வீட்டுப் பரண்களிலும் இருக்கலாம். அவை இன்னும் நூறாண்டைத் தொடவில்லை. அதனால் தொல்பொருள் சட்டத்தின் காவல் அவற்றுக்கு இல்லை. விலை தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்டால் ஒரே நாளில் கைமாறிவிடும். சீடர்களிடமும் அச்சகத்தாரிடமும் வேலை பார்த்த முதியவர்கள் இருக்கும்போதே, எந்தப் படம் யார் கை, எந்த ஆண்டு, எந்த அச்சகத்துக்கு என்று கேட்டு எழுதிவிட வேண்டும். அந்தக் குறிப்பு படத்தின் பின்பக்கத்தில் தமிழில் இருக்கட்டும்.